இந்தகால்

பதினோரு வாரம் நான் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. கோபம்தான் காரணம். அறுபத்து நான்கு வயதில் வரக் கூடாத கோபம், ஆனால் வந்தது.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெளியூர்க்காரர்களை வேலூர் கோட்டையில் தொடங்கிப் பழைய கடைத்தெருக்கள் வழியாக நடத்திக் கூட்டிப்போவேன். ஒரே அகழிக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருப்பதைக் காட்டினாலே பாதிப் பேருக்குத் திருப்தி. படம் எடுத்துக்கொண்டு, ஆம்பூர் பிரியாணி எங்கே கிடைக்கும் என்று காலை ஏழு மணிக்கு என்னைக் கேட்பார்கள். அது ஆம்பூரில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நான் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தது கோட்டைக்கு வெளியே இருக்கிற தெருக்கள்தான். தெலுங்கு பேசுகிற செட்டியாரின் மளிகைக்கடை, அதற்கு எதிரே சேட்டு வீட்டு அடகுக்கடை, அதைத் தாண்டி உருது பேசும் குடும்பங்கள் இருக்கும் சந்து. அந்தச் சந்தில் நாலாவது வீடுதான் நடையின் கடைசி நிறுத்தம். வீட்டுக்காரரை நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆறு வருடமாக நான் கூட்டி வருகிற ஆட்களுக்கெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு வைப்பார். அவர் மனைவி சுலைமானி டீ போட்டுக் கொண்டுவந்து தருவார். அந்த அம்மா கோலார் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், தமிழ் கம்மி. பேசினால் பாதி உருது, பாதி தமிழ்.

அந்த வீட்டுக் கதவு பெரியது. பித்தளைக் குமிழ்கள், மேலே கொடிகள் செதுக்கிய நிலை. அது நவாபின் அரண்மனையிலிருந்து வந்த கதவு என்று எல்லாக் குழுவுக்கும் சொல்லிவந்தேன். யார் எனக்குச் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. பாய் ஆறு வருடம் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, டீ கிளாஸை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இன்னா சார், நவாப்பு எங்க வந்தாரு இதுல. தோல் மண்டில ஒரு பழைய குடோனை இடிச்சாங்க. அந்தக் கதவை எங்க அப்பா வண்டில போட்டு எடுத்தாந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. கூட்டத்தில் இருந்த ஒருவர், "அப்ப காலைலேர்ந்து நீங்க சொன்ன மத்ததெல்லாம்?" என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். பாய் சந்து முனைவரை பின்னாலேயே வந்தார். காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் வேகமாக வர முடியவில்லை. "சார், சார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நடையை அடகுக்கடையோடு முடித்துக்கொண்டேன். ஊரிலிருந்து தள்ளி, சத்துவாச்சாரியில் இருக்கிற எனக்கு அந்தச் சந்துச் செய்தி எதுவும் காதுக்கு வர வழியில்லை. அவர் போன் செய்வார் என்று காத்திருந்தேன். செய்தால் இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டுப் பேசலாம் என்றுகூடத் திட்டம் இருந்தது. போன் வரவில்லை. பதினோராவது வாரம், வீட்டில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் செய்துகொண்டிருப்பது சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒருவழியாக உறைத்தது. தப்பு என்னுடையது. அவர் வீட்டுக் கதவைப் பற்றி அவர் உண்மை சொன்னார், அவ்வளவுதான். அந்த ஞாயிறு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். குழுவை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும், குழுவுக்கு முன்னால்தானே முறைத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்குப் பதினான்கு பேர். அதில் மேல்விஷாரத்தில் கல்லூரியில் கணக்கு நடத்துகிற ஒரு பெண் இருந்தார். சந்துக்குள் திரும்பும் இடத்தில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஜாஸ்தி, கம்மி, பேஜார், தோஸ்த் எல்லாம் இந்தச் சந்து நமக்குக் கொடுத்த சொற்கள். வேலூரில் பிறந்தவனுக்கு உருது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை, காற்றிலேயே வந்துவிடும். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அந்தக் கல்லூரிப் பெண் மட்டும் லேசாகச் சிரித்தார்.

நாலாவது வீட்டு வாசலில் நாற்காலிகள் இல்லை. கதவு திறந்திருந்தது, ஆனால் உள்ளே கனமான பச்சைத் திரை தொங்கியது. ஆறு வருடத்தில் அங்கே திரை பார்த்ததில்லை. என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன்: என் மேல் உள்ள கோபத்தில் திரை போட்டுவிட்டார் என்று நினைத்தேன். வாசலிலிருந்தே, "பாய், நான்தான் வந்திருக்கேன். கோவமா?" என்று கூப்பிட்டேன்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல், மிகவும் தாழ்ந்து வந்தது.

"உன்கா இந்தகால் ஹோ கயா."

'உன்கா' என்றால் அவருடைய. 'ஹோ கயா' என்றால் ஆகிவிட்டது, முடிந்துவிட்டது. அவ்வளவு உருது எனக்குத் தெரியும். நடுவில் இருப்பது தமிழ் என்று என் காது முடிவு செய்துவிட்டது. அந்த வீட்டுப் பேச்சு எப்போதுமே அப்படிக் கலந்துதானே வரும். அவருடைய இந்தக் கால் போய்விட்டது. கட்டுப் போட்டிருந்த கால் கண்முன் வந்தது. சர்க்கரைப் புண் முற்றிக் காலை எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். அதே சமயம் ஒரு நிம்மதியும் வந்தது: திரை என்னால் இல்லை.

நான் நன்றாக உரக்க, குழுவுக்கும் கேட்கும்படி, தைரியம் சொன்னேன். "கவலைப்படாதீங்கம்மா. இப்பல்லாம் செயற்கைக் கால் ரொம்ப நல்லா வருது. பாகாயம் ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் கூட இருந்து பாத்துக்கறேன். ரெண்டே மாசத்துல பாயை நடக்க வெச்சிடலாம்."

குழுவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கல்லூரிப் பெண் வேகமாக முன்னால் வந்து என் அருகில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், அவங்க காலைச் சொல்லல. இந்தகால்னா மௌத்து. அவர் தவறிட்டார்னு சொல்றாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

"அவங்க இத்தத்ல இருக்காங்க சார். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பளைங்க முன்னாடி வர மாட்டாங்க. அதான் திரை."

ஒரு மனிதர் இறந்துபோன வீட்டு வாசலில் நின்று, அவர் மனைவியிடம், அவரை நடக்க வைக்கிறேன் என்று சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். காற்றிலேயே உருது வந்துவிடும் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால்கூட இல்லை, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பேசியவன். பக்கத்து வீட்டில் சாவு என்றால் எந்தச் சொல்லில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அறுபத்து நான்கு வருடத்தில் தோன்றியதில்லை. ஜாஸ்தியும் கம்மியும் போதும் என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் பாய் போய்விட்டார் என்பது மெதுவாகத்தான் வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரிப் பெண் திரை அருகே போய் உருதுவில் கேட்டார். ஒரு வியாழக்கிழமை காலை, நெஞ்சுவலி. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். ஐந்து வாரம் ஆகப் போகிறது. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியையும் கேமராவையும் பைக்குள் வைத்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திரையைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னேன். "அம்மா, தப்பு என்னுதுதான். பாய்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். லேட் பண்ணிட்டேன்."

கல்லூரிப் பெண் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து தமிழிலேயே பதில் வந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அவங்களுக்குக் கோவம் இல்ல சார். கால்ல புண்ணு. நடக்கக் கூடாது, டாக்டர் சொல்லிட்டாங்க. மத்த நாள் கேப்பாங்க. சண்டே மட்டும் கேக்க மாட்டாங்க. நாற்காலி எல்லாம் போட்டுட்டு, செவுத்தைப் புடிச்சிகினு முனை வரைக்கும் போய் நிப்பாங்க. சார் வர்றாரா, பாக்கறேன், அப்டீம்பாங்க."

அந்த முனைக்கு இருநூறு அடி முன்னாலேயே, அடகுக்கடை வாசலில், நான் நடையை முடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

"எத்தனை சண்டேம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தார். பிறகு குரல் வந்தது.

"ச்சே."

என் மேல் காறித் துப்பியது போல இருந்தது. எனக்கு அது தகும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கல்லூரிப் பெண் என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணிச் சொல்றாங்க சார்," என்றார் மெல்ல. "உருதுல ஆறு."