பதினொரு குடும்பத்துக்கு ஒரு கதவிலக்கம்: ரெனேயுடன் பாகூர் போன கதை

வெளிநாட்டு விருந்தாளியைக் கிராமத்துக்குக் கூட்டிப்போகும் எண்ணம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 1983 பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரெனே என்பவரை எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து பாகூருக்கு அழைத்துப்போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்த பயணம் அது.

ரெனே சிந்தி இனத்தவர். சிந்தி என்றதும் பம்பாய் ஜவுளிக்கடை முதலாளியை நினைக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஐரோப்பாவில் வண்டியிலேயே குடித்தனம் நடத்தி ஊர் ஊராகப் போகும் சிந்தி, ரோமா மக்கள், எப்போதோ நம் நாட்டிலிருந்து போனவர்களாம். பல ஊர்களில் அவர்களைத் தங்கவே விடுவதில்லை. அதை எதிர்த்துப் போராடியதற்காக ரெனேவுக்கு முந்தின வருடம் ஒரு விருது கிடைத்திருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று பிரான்சிலேயே தங்கிவிட்ட என் அண்ணனுக்கு அவர் சிநேகிதர். அண்ணன் கடிதத்தில் எழுதியதை நான் பாகூர் வாசகசாலைச் செயலாளர் ஏழுமலையிடம் உளறி வைத்தேன். "அவரு வர்றப்ப நம்ம ஊர்ல ஒரு பாராட்டு விழா வெச்சிடலாம்டா சவரி" என்று அவன் நோட்டீசே அடித்துவிட்டான்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். வில்லியனூர் வரை இரண்டு கிலோமீட்டர் நடை. அங்கிருந்து மூலக்குளம் வழியாகப் புதுச்சேரி பத்து கிலோமீட்டர், டிக்கெட் எழுபது பைசா. மூலக்குளத்தில் அப்போது கடைகளைவிடச் சவுக்குத் தோப்புதான் அதிகம். கண்டக்டர் ரெனேயின் முறுக்கு மீசையையும் கழுத்துத் துணியையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், சினிமா ஷூட்டிங்கா?" என்றார். புதுச்சேரியில் பஸ் மாறி, கிருமாம்பாக்கம் வழியாக இருபது கிலோமீட்டர், 9.20க்குப் பாகூர். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்குங்கள், வழியெல்லாம் நெல் வயல்.

விழா பத்தரைக்குத்தான். ஏரியைப் பார்க்கலாம் என்று கரைமேல் நடந்தோம். அங்கே நரிக்குறவர் கூடாரங்கள், மொத்தம் பதினொன்று. வாசலில் பாசிமணி கோத்துக்கொண்டிருந்த கெங்கம்மா எங்களைப் பார்த்து, "இன்னா சாமி, தொரைக்கு மணி வேணுமா?" என்றார்.

"இவரு தொரை இல்லம்மா. உங்கள மாதிரி ஊர் ஊரா போறவரு."

"இவரா? இவருக்கு வூடு?"

"வண்டிதான் வூடு."

"அப்ப இவருக்கு ரேஷன் அட்டை குடுத்தாங்களா?"

விஷயம் இதுதான். ரேஷன் அட்டை கேட்டு கெங்கம்மா மூன்று முறை மனு கொடுத்து, கதவிலக்கம் இல்லை என்று மூன்று முறையும் திரும்பி வந்திருந்தது. கூடாரத்துக்கு ஏது கதவு! அட்டை இல்லாமல் சீனியும் மண்ணெண்ணெயும் வெளிக்கடை விலைக்குத்தான்.

நான் பிரெஞ்சில் சொன்னதும் ரெனே சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவர் நாட்டில் வண்டியில் வாழ்கிறவர்கள் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும், குறித்த காலத்தில் போலீசிடம் முத்திரை வாங்க வேண்டும். கெங்கம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எத்தினி முத்தரை பாரு! எனுக்கு ஒண்ணுகூட இல்லியே!"

மொழிபெயர்த்தபோது ரெனேயின் முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்தப் புத்தகத்தை ஒழிப்பதற்காகத்தான் மனிதர் இத்தனை வருடம் அலைந்திருக்கிறார்; விருது கொடுத்ததும் அதற்காகத்தான்.

"இதுல சீனி போடுவாங்களா?" என்றார் கெங்கம்மா.

"இல்லம்மா."

"கிரிஷ்ணாயில்?"

"அதுவும் இல்ல. எங்க போனாரு, எங்க வந்தாருன்னு போலீசு பாக்கறதுக்கு."

"ஐயே, அப்ப அது எனுக்கு வாணாம்பா. சீனி போடறது குடுக்கச் சொல்லு." இதை நான் பிரெஞ்சில் சொன்னதும் ரெனே தொடையில் தட்டிச் சிரித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீருக்கு இரண்டு பேர் வீட்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல், 'பானி', என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு என் காதருகில், "இந்த அம்மா இல்லாமல் நான் மேடை ஏறமாட்டேன்" என்றார். கெங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு விழாவுக்கு நடந்தோம்.

மேடையில் பொன்னாடை போர்த்த வந்தவர் யார் தெரியுமா? ரேஷன் அட்டை கொடுக்கும் அதிகாரியேதான். ரெனே ஆடையை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கெங்கம்மாவைக் காட்டி இரண்டே வாக்கியம் பேசினார்: "போலீஸ் கொடுத்த புத்தகம் எனக்கு வேண்டாம், இவருக்கு ஒரு ரேஷன் அட்டை வேண்டும். இரண்டு பேரும் கேட்பது எங்களையும் மற்றவர்களைப் போல நடத்துங்கள் என்பதைத்தான்." அதை நான் உரக்கத் தமிழில் சொன்னேன்.

அதிகாரி நெளிந்தார். "நான் மாட்டேன்னு சொல்லலீங்க. கதவிலக்கம் போடற எடத்துல நான் இன்னா எழுதறது?"

ரெனே யோசித்தார். வீடில்லாதவர்களை ஏதாவது ஓர் ஊர்க் கணக்கில் சேர்த்து எழுதுவது அங்கே வழக்கமாம். "எங்களை மேய்ப்பதற்குச் செய்த ஏற்பாடு அது. இங்கே நல்லதுக்கு உதவட்டுமே" என்றார்.

ஏழுமலை எழுந்தே விட்டான். "சார், வாசகசாலை நம்பரைப் போடுங்க. பதினோரு குடும்பமும் வாசகசாலையிலதான் கீறாங்கன்னு நான் எழுதித் தர்றேன்."

கூட்டம் கை தட்டியது. அவ்வளவு பேர் முன்னால் அவரும் என்ன செய்வார்? "எழுதிக் குடுங்க, பாக்கறேன்" என்றார். பதினொரு மனுக்களையும் நானே எழுதினேன். முடிக்க மணி இரண்டேகால். புளிச்சோறு ஆறிப்போயிருந்தாலும் ரெனே மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீங்கள் போவதானால் தை மாதம் போங்கள், ஏரி நிறைந்திருக்கும். தொப்பி அவசியம், கரையில் நிழல் கிடையாது. ஏரிக்கரையில் யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விருந்தாளியை மேடை ஏற்றுவதற்கு முன்னால் ஊரில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசவிடுங்கள். அன்று நாங்கள் நேராக மேடைக்குப் போயிருந்தால் ஒரு பொன்னாடையோடு கதை முடிந்திருக்கும்.

அட்டைகள் ஆடி மாதம் வந்தன. அந்த வாரம் பாகூர் பஸ் நிறுத்தத்தில் கெங்கம்மாவைப் பார்த்தேன். இடுப்பில் மணி மூட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. கடலூர்ப் பக்கம் திருவிழாக்களுக்குக் கிளம்பியிருந்தார்.

"சாமி, நா சுத்திட்டு வர ஒரு மாசம் ஆவும். வந்து பாக்கசொல்ல இதுல எம்பேரு இருக்குமில்ல?"

"இருக்கும்மா."

"பேர அடிச்சிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்ப ரெண்டு மாசம் சுத்திட்டே வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.