குழாயடிச் சுவரில் ஒரு நீல டிரம்

சுவரில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பிடிக்கவில்லை என்று சொல்ல யாரும் ஈமெயில் அனுப்ப வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் நின்றே சொல்லிவிடுவார்கள்.

வார நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லோகோ, மெனு கார்டு, மசாலா பாக்கெட் என்று டிசைன் செய்கிறேன். மற்ற நேரத்தில் மூங்கில் சாரத்தில் ஏறிச் சுவர்ச் சித்திரம். வீடு தாராவி. இதைப் படிப்பவர்களில் டிசைனர்கள் யாராவது இருந்தால் இடையிடையே பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். உங்களுக்கும் நடந்திருக்கும்.

மாற்றாமல் மாற்றுவது

மாட்டுங்காவில் ஒரு பழைய டிபன் ஹோட்டல். முதலாளி வெங்கட்ராமன் மாமாவுக்குப் போர்டைப் புதுப்பிக்க ஆசை வந்தது. நாலைந்து டிசைன் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் பார்த்தார். “பேஷா இருக்கு” என்றார். காபி வரவழைத்தார். பிறகு என் டிசைன்களை ஓரமாக நகர்த்திவிட்டு வாசலில் தொங்கிய பழைய போர்டைக் காட்டினார். அதே சிவப்பு வேண்டுமாம், அதே எழுத்து வேண்டுமாம். அவருடைய வாடிக்கையாளர்கள் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து உட்காருகிறவர்கள். போர்டு மாறினால் கடை கைமாறிவிட்டது, சாம்பாரும் மாறியிருக்கும் என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களாம்.

கடைசியில் நான் செய்தது, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்த எழுத்து வரிசையை நிமிர்த்தியது மட்டும்தான். போர்டை மாட்டிய அன்றே அதையும் கண்டுபிடித்துவிட்டார். “புதுசா இருக்கணும்னுதாம்மா சொன்னேன், மாத்தினாப்ல தெரியப்படாது. பழையபடி கொஞ்சம் சாய்ச்சுடு.”

செம்பூர்ப் பூநாரைகள்

செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் காம்பவுண்டுச் சுவர். கடலோரச் சேற்றுக்கு வருகிற பூநாரைகளை வரையச் சொன்னார்கள். உயிரைக் கொடுத்து வரைந்தேன். காலடியில் தண்ணீர், தண்ணீரில் நிழல், நிழலில் மூன்று விதமான இளஞ்சிவப்பு. அந்த நிழலுக்காகவே வெயிலில் மண்டை காய்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

போட்டோ எடுக்கலாம் என்று கொஞ்ச நாள் கழித்துப் போனால் சுவர் நெடுக கார்கள் நிற்கின்றன. தண்ணீரைக் காணோம், நிழலைக் காணோம், கால்களும் இல்லை. பானட்டுக்கு மேலே வரிசையாகத் தலைகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு காரையாவது இளஞ்சிவப்பாக்கியிருப்பேன். சொசைட்டி செக்ரட்டரி சந்தோஷமாக வந்து கை குலுக்கினார். “நீங்க கழுத்த நீளமாப் போட்டதே நல்லதாப் போச்சு. வண்டிக்கு மேல அழகாத் தெரியறது.”

அம்மாவின் கணக்கு

இப்படி ஊரெல்லாம் வரைந்தாலும் எங்கள் சந்தில் என் கைபட்ட சுவர் ஒன்றுகூடக் கிடையாது. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, “கம்ப்யூட்டரு” என்று நிறுத்திவிடுவாள். கையில் காயாத பெயிண்ட்டோடு நான் வீட்டுக்குள் நுழைந்தால் அந்தப் பதிலும் கெட்டுப்போகும்.

ஒரு நாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மா அக்கா இதையே கேட்டாள். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தே அம்மா சத்தமாகச் சொன்னாள். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. “ஊரான் செவுத்துல எல்லாம் ஏறி நிக்கா. பொறந்து வளந்த சந்துல ஒரு கோடு இழுத்துருக்காளான்னு கேளுங்க.”

அனுமதி

எங்கள் சந்தின் முனையில் பொதுக் குழாய். அதன் பின்னால் நீளமாக ஒரு சுவர், பாசி பிடித்து, பான் எச்சிலோடு. அதில் வரைய அனுமதி கேட்டு, குழாயைக் கவனிக்கும் கமிட்டியின் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சியிடம் போனேன். என் செலவு, என் பெயிண்ட், என் உழைப்பு. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் தேடினார். “சாமி படம் வேண்டாம், தலைவர் படம் வேண்டாம், கட்சிக் கலர் வேண்டாம். மிச்சம் என்ன இருக்கோ அத வரஞ்சுக்கோ பிள்ள.”

கண்டதை வரைந்தேன்

மிச்சம் இருந்தது கண்முன்னாலேயே நின்றது. தண்ணீருக்காக வரிசையில் வைத்திருந்த பாத்திரங்கள். சிவப்பு மூடி போட்ட பேச்சியம்மா அக்காவின் நீல டிரம் முதலில். அப்புறம் பிளாஸ்டிக் குடங்கள், பெயிண்ட் வாளிகள், எண்ணெய் கேன்கள். கடைசியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாத்திமா லாத்தாவின் ஒடுக்கு விழுந்த எவர்சில்வர் குடம். அன்று காலையில் நின்ற வரிசைப்படியே, ஒடுக்கு உட்பட, ஆளுயரத்துக்கு வரைந்தேன். சாயங்காலம் சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. அவரவர் குடத்தை அவரவர் தொட்டுப் பார்த்து விரலில் பெயிண்ட் ஆக்கிக்கொண்டார்கள். அம்மாவும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு வானத்தில் நடப்பதுபோல் இருந்தது.

எங்கள் சந்தின் சட்டம் எனக்குத் தெரியாததா? பாத்திரம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதனால்தான் இருட்டோடு எழுந்து வந்து குடத்தை வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பேச்சியம்மா அக்கா நன்றாகத் தூங்கி எழுந்து சாவகாசமாக வந்தாள். முன்னால் நின்ற குடங்களையெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு டிரம்மை முதலில் வைத்தாள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அசரவில்லை, சுவரைக் காட்டினாள். “நான் நேத்தே வச்சாச்சு. கண்ணு தெரியலியா? அந்தா நிக்குல்லா.”

தீர்ப்பு

அன்று நடந்த சண்டையை நான் வரையப்போவதில்லை. ஆனால் அடுத்த நாளே எல்லாரும் சுவரைப் பார்த்து அவரவர் படத்துக்குக் கீழே குடத்தை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். படத்தில் இல்லாதவர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து, எங்களுக்குத் தண்ணி கிடையாதா என்று கேட்டார்கள். பாத்திமா லாத்தா தினமும் கடைசி. அவர் திட்டவில்லை. “ஆயுசுக்கும் என்னியக் கடைசியில நிறுத்திப்புட்டியேம்மா” என்றார் சிரித்துக்கொண்டே. அது திட்டைவிட மோசம்.

வரிசையை மாற்றி வரைகிறேன் என்றேன். கடைசியில் நிற்க ஒருவரும் தயாரில்லை. கமிட்டி கூடியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு வெள்ளையடிப்பது என்று முடிவு. வேறு எந்தச் சுவரை அழித்திருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும். இதற்கு அழுகை வந்தது. அண்ணாச்சி என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். “படம் நல்லாத்தான் இருக்கு. அதான் இந்தத் தகராறு, லஃப்டா எல்லாமே. கொஞ்சம் மோசமா வரஞ்சிருந்தா எவனும் நம்பிருக்க மாட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை

அண்ணாச்சி சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் போனேன். குழாயடியில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள், பேச்சியம்மா அக்காவும் பாத்திமா லாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணாச்சி மட்டையை நனைத்ததும் லாத்தா சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். ஒரு நாள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து தண்ணீர் பிடிப்பது, மறுநாள் அந்தக் கோடியிலிருந்து பிடிப்பது என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்களாம். விட்டுப்போன குடங்களை மட்டும் நான் நடுவில் சேர்க்க வேண்டுமாம். அண்ணாச்சிக்குப் புரியவில்லை, எனக்கும்தான். சண்டை ஓய்ந்ததும் படத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? கலையின் மேல் இவ்வளவு பிரியமா என்று என் மனசு ஒரு கணம் துள்ளியது உண்மை. லாத்தா அந்தத் துள்ளலை உடனே அடக்கினார். “இந்த ஒரு வாரமாத்தான் நாங்க விடியிற வரைக்கும் தூங்குறோம். படத்த அழிச்சா, இருட்டுல எந்திரிச்சு வந்து எங்க கொடத்த எல்லாம் நீங்க வைப்பியளா அண்ணாச்சி?”

அண்ணாச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து சந்தில் யார் புதுக் குடம் வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் பேச்சியம்மா அக்கா வந்து, டிரம் ஓட்டையாகிவிட்டது, பச்சையில் வாங்கிவிட்டேன், மாற்றி வரைந்து கொடு என்றாள். நான் பிரஷ்ஷைத் தேடுவதற்குள் அம்மா வாசலில் மறித்துக்கொண்டாள். “அவ ஆர்டிஸ்டாக்கும். ஞாயித்துக்கெழமதான் வருவா, சொல்லிட்டுப் போங்க.”

ஆக, மும்பை முழுக்க எத்தனையோ பேர் செல்ஃபி எடுத்துக்கொண்ட சுவர்களை வரைந்த என்னைக் கடைசியில் ஆர்டிஸ்ட் ஆக்கியது, முதல் நாள் சாயங்காலத்துக்குப் பிறகு ஒருவர்கூட நின்று ரசிக்காமல் தன் குடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிற சுவர்தான்.