நனையாமல் ஏரியைச் சுற்றி வந்தவன்

என் தங்கை தினேக்காவின் கணவன் ஹார்மனுக்கு நீச்சல் தெரியாது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். வீட்டுக்கு முன்னால் கால்வாய், பின்னால் கால்வாய், நடுவில் கொஞ்சம் புல்லும் நாலு மாடும். இங்கே பிள்ளைகளுக்கு எழுத்து வருகிறதோ இல்லையோ, நீச்சல் வந்துவிட வேண்டும். வளர்ந்த ஆண் ஒருவன் எனக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்ன மாதிரி. சொல்லப்போனால் அதைவிட மோசம். படிக்காதவனைப் பார்த்துப் பாவம் என்றாவது சொல்வோம்.

அதனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. காதில் கோளாறு, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தான். நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? கூரைக்கு ஓடு போடுவதுதான் அவன் தொழில். மாதா கோயில் கூரையின் முகட்டில் ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் போட்டு உட்கார்ந்து, சாவகாசமாக ரொட்டி தின்பான். புயல் அடித்து ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளில் எங்கள் வீட்டுக் கூரைமேல் ஏறிப் பறந்துபோன ஓட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு இடுப்பளவு தண்ணீர் என்றால் பயம் என்று யார் நினைப்பார்கள்?

அந்தக் காதுக் கோளாறு அவன் அம்மா கண்டுபிடித்தது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு. பிள்ளைகள் வரிசையாக நின்று குதிக்க வேண்டும். குதிக்காதவனை வாத்தியார் நீளக் கழியால் லேசாக நெட்டிவிடுவார். ஹார்மனின் முறை வந்தபோது அவன் குளத்து விளிம்பிலேயே நின்று, நின்றபடியே கால்வழியாக மூத்திரம் விட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவனைப் பார்க்கப் பொறுக்காமல், பிள்ளைக்குக் காதுச் சவ்வில் ஓட்டை என்று அம்மா பள்ளியில் சொல்லிவிட்டாள். அன்று விழுந்த ஓட்டை, கல்யாணம் ஆன பிறகும் அடையவில்லை.

என் தங்கை அதற்கு வைத்தியமும் பார்த்தாள். குளிர் தொடங்கினால் போதும், அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சொட்டு மருந்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, காதில் விட்டுப் பஞ்சு வைப்பாள். நல்ல காதுக்குப் பன்னிரண்டு குளிர்காலம் வைத்தியம் நடந்தது. அவனும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் கெர்பனுக்கு நான் சளி மருந்துகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

இவர்களின் ஒரே மகள் மாய்க்கா. ஏழு வயதில் முதல் நீச்சல் தேர்வில் தேறினாள். உடுத்திய துணியோடும் காலில் செருப்போடும் குதித்து நீந்த வேண்டும், தண்ணீருக்கடியில் தொங்கும் தார்ப்பாயின் ஓட்டைக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். கால்வாயில் விழுகிற பிள்ளை நீச்சல் உடையில் விழப்போவதில்லை, அதற்காக. நாங்கள் எல்லோரும் காலணிமேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அவள் ஓட்டை வழியாக வந்து தலையைத் தூக்கியதும் ஹார்மன் அழுதுவிட்டான். பெருமை என்று நினைத்து நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் கேக். எங்கள் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். உள்ளே வருகிறவர்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, அப்பா, அம்மா, பெரியம்மா என்று வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். என்ன பரிசு வேண்டும் என்று கெர்பன் குழந்தையைக் கேட்டார். பெரிய ஏரிக்குப் போக வேண்டும், அங்கே அப்பாவோடு சேர்ந்து நீந்த வேண்டும் என்றாள் அவள். அப்பாவின் காது அவளுக்குத் தெரியும். ஆனால் கோடையில், வெந்நீர் மாதிரி இருக்கும் ஏரியில், ஒரே ஒரு தடவை என்றால் காது ஒன்றும் சொல்லாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

கெர்பனுக்கு அது போதும். பிரான்சில் அன்னெசி ஏரி, ஜூலை மாதம், இரண்டு குடும்பம், இரண்டு கேரவன் என்று அந்த வட்டத்திலேயே அறிவித்துவிட்டார். யாரும் எதிர்பார்க்காமல் ஹார்மன் வாயைத் திறந்து, திட்டமெல்லாம் தானே போடுவதாகச் சொன்னான். வருஷா வருஷம் காட்டுக்குள் நடக்கப் போகலாம் என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவன். இப்போது புரிகிறது, திட்டம் போடுகிறவன் கையில்தானே கடிவாளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தான். ஏரியைச் சுற்றி சைக்கிள் பாதை இருக்கிறது, ஒரு நாள் முழுக்க மிதிக்கலாம். ஒரு நாள் கோட்டை. ஒரு நாள் மலை. ஒரு நாள் பாலாடைக்கட்டி செய்கிற பண்ணை, ஒரு நாள் பழைய ஊரின் சந்தை. பென்சில் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, நீல நிறத்தின்மேல் ஒரு தடவைகூடப் படவில்லை.

"ஏம்ப்பா ஹார்மன், நாம ஏரிக்குப் போறோமா, இல்ல ஏரியைச் சுத்தி ரோடு போடப் போறோமா?" என்றார் கெர்பன்.

பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் இருந்தால் சலித்துவிடும் என்றான் ஹார்மன், தலையைத் தூக்காமல். தினேக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தன்னால தண்ணியில இறங்க முடியாதுன்னாலும் புள்ளைக்காக எப்படி மெனக்கெடுறான் பாரு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அவன்மேல் மரியாதை வந்தது.

ஜூலையில் உருளைக்கிழங்கு, காப்பித்தூள், கடலை வெண்ணெய் எல்லாம் கேரவனில் அடைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் கேரவன்கள் நிறுத்தும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரான்சில் உருளைக்கிழங்கு கிடைக்காதா என்று எங்களைக் கேட்கக் கூடாது.

மாய்க்கா தினமும் காலையில் கவுனுக்கு உள்ளே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டுதான் எழுந்து வருவாள். "இன்னிக்காப்பா?" என்பாள். இன்றைக்குக் காற்று, இன்றைக்கு மலை, நாளைக்குப் பார்க்கலாம் என்பான் அவன். நாங்கள் அவளைத் தண்ணீரில் இறக்குவோம். அவன் கரையில் எங்கள் செருப்புக்கும் துண்டுக்கும் காவலாக உட்கார்ந்து கைதட்டுவான். அவள் ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கும்போதும் அவன் பக்கம்தான் பார்ப்பாள். பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் காது என்றால் என்ன செய்ய முடியும்?

திட்டத்தில் இல்லாதது ஒன்று நடந்தது. கெர்பன் மிதிபடகு வாடகைக்கு எடுத்துவிட்டார். படகில் காது நனையாதே, அதனால் ஹார்மனால் மறுக்க முடியவில்லை. அவனும் மாய்க்காவும் ஒரு படகு, நாங்கள் மற்றவர்கள் வேறு படகுகள். கரை தள்ளிப் போனதும் அவள் எங்களுக்குக் கைகாட்ட எழுந்து நின்றாளாம். படகு சாய்ந்தது. ஹார்மன் கையை நீட்டினான். நீட்டிய கை இருக்கையைப் பிடித்துக்கொண்டது, குழந்தையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் இருக்கையை இறுக்கிக்கொண்டு, உட்காரு உட்காரு என்று கத்தியிருக்கிறான். அவள் மிதவைச் சட்டை போட்டிருந்தாள், அவளுக்கு நீந்தவும் தெரியும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் இதைப் பிறகு தினேக்காவிடம் சொல்லும்போது, "என் கை எங்க போச்சு பார்த்தியா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

குழந்தை உட்கார்ந்து அவனையே பார்த்தாள். "அப்பா, உனக்கு நீந்தத் தெரியாதா?"

அவன் காதுதான் என்று சமாளித்திருக்கலாம். தெரியாது, நீ கற்றுக்கொடு என்று சிரித்திருக்கலாம். "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். அதன்பிறகு காலையில் "இன்னிக்கா" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அவனுக்காக எங்களிடம் காற்று அதிகம் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவன் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அதை வாங்கித் தின்னவே கூசியது என்று பிறகு சொன்னான். இருந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. கெர்பன் குடும்பத்தில் ஒரு வழக்கம். விடுமுறை முடிகிற மாலை எல்லோரும் கைகோர்த்துக்கொண்டு ஒன்றாகத் தண்ணீரில் குதிக்க வேண்டும். என் மாமியார் எழுபது வயதில் குதித்தவர். முகாமின் மரமேடை தண்ணீருக்குள் நீளமாகப் போகும், அதன் நுனியில் எல்லோரும் வரிசையாக நின்றோம். கெர்பன், நான், எங்கள் பையன்கள் இரண்டு பேர், தினேக்கா, மாய்க்கா. பக்கத்துக் கேரவன்காரர்கள் வேடிக்கை பார்க்கக் காப்பிக் கோப்பையோடு வந்திருந்தார்கள், அவர்களும் எங்கள் நாட்டுக்காரர்கள்தான். ஹார்மன் வழக்கம்போல துண்டுகளோடு பின்னால் நின்றான்.

கெர்பன் ஒரு சின்னப் பையை எடுத்தார். மருந்துக் கடைக்குப் போய்க் கையால் சைகை காட்டியே வாங்கி வந்திருக்கிறார். காதில் வைக்க மெழுகு, அதன்மேல் கட்ட ரப்பர் பட்டை. காது ஆபரேஷன் செய்தவர்களே இதைப் போட்டுக்கொண்டு நீந்துகிறார்களாம். என் வீட்டுக்காரரின் நல்ல மனசு எப்போதும் இப்படித்தான், யார் காலையாவது மிதித்துவிட்டுத்தான் நிற்கும்.

"வா ஹார்மன், இனிமே சாக்கு சொல்ல முடியாது. ஒரே ஒரு குதி. புள்ளை ஆறு மாசமா காத்துக்கிட்டிருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பையை அவன் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. காதுவரை சிவந்துபோய் மேடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதா கோயில் முகட்டில் நிற்கிற ஆள் இவன்தானா என்று இருந்தது எனக்கு.

அப்போது மாய்க்கா பேசினாள். நிதானமாக, கொஞ்சம் கவலையோடு, அச்சு அசலாக அவள் அம்மா பேசுகிற மாதிரி.

"வேண்டாம் பெரியப்பா. காலையில அப்பா காதுலேர்ந்து ரத்தம் வந்துச்சு. அம்மா பயந்துடுவாங்கன்னு சொல்லல. நான்தான் பஞ்சு வெச்சுத் துடைச்சேன். பஞ்சைக் குப்பையில போட்டுட்டேன்."

தினேக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ரத்தமா, எந்தக் காது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கார் சாவி எங்கே, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே நீச்சல் உடையோடேயே ஓடத் தொடங்கினாள். கெர்பன் மெழுகுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தார். பக்கத்துக் கேரவன்காரர் ஒருவர் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். குழந்தை மட்டும் அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற சிரிப்பு.

"தினேக்கா, நில்லு" என்றான் ஹார்மன். "ரத்தமெல்லாம் இல்ல. காதுல ஒண்ணுமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. எனக்கு நீந்தத் தெரியாது."

கெர்பன் சிரிக்க ஆரம்பித்தார், வேடிக்கை என்று நினைத்து. நான் முழங்கையால் இடித்ததும் நிறுத்தினார். காப்பிக் கோப்பைக்காரர்கள் ஏரியையும் மலையையும் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

தினேக்கா மெதுவாகத் திரும்பி வந்தாள். "அப்போ அந்தச் சொட்டு மருந்து?" என்று கேட்டாள். அவளுக்கு முதலில் அதுதான் தோன்றியது.

"நல்லா இருந்துச்சு" என்றான் அவன். "நீ விடுறது நல்லா இருந்துச்சு."

அவள் ஒரு துண்டை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள். அன்றிரவு அவள் எங்கள் கேரவனில்தான் படுத்தாள், அடுத்த நாள் கார் ஏறும்போதுதான் அவனோடு பேசினாள், அது வேறு கதை.

மாய்க்காவின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அவள் முகமே மாறிப்போயிருந்தது. அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான். ரகசியமாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு, ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் சரியாத்தானேப்பா சொன்னேன்? எதைத் தப்பா சொன்னேன்?"

"தப்பே இல்லம்மா" என்றான் ஹார்மன். "என்னைவிட நல்லா சொன்ன."

அவன் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.