பக்கத்துக் காம்பராவில் ஒரு பாஸ்போட்

எங்கள் லயத்திலிருந்து சர்வகலாசாலைக்குப் போனது இரண்டே பிள்ளைகள். ஒருவன் என் மகன். மற்றவன் என் கொழுந்தனார் மகன். இலங்கையில் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருந்த தேயிலைத் தோட்டம் அது. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறைகள்; ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் காம்பரா, அந்தப் பக்கம் அவர்கள் காம்பரா. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் திறந்தே கிடக்கும். அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம்.

கொழுந்தனார் பெண்சாதியை நான் சின்னவ என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள். விடிகாலையில் ஒன்றாகப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து நின்று, பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்து, ஒன்றாகத் திரும்பி வருவோம். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் பிள்ளை பிறந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சோதனை, ஒரே சர்வகலாசாலை. செடிகொடிகளைப் பற்றிய படிப்பு. தேயிலைக்குள் பிறந்த பிள்ளைகள் மறுபடியும் இலையைத்தான் படிக்கப் போகிறார்களா என்று கங்காணி கேலி பண்ணுவார்.

ஒரு லீவுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். என் மகன் அடுப்புப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு சொன்னான்.

"அம்மா, எங்க வகுப்புல கொஞ்சப் பேர மலாயாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க இருக்கிற மழைக்காட்டுல தங்கிப் படிக்க. எங்க ரெண்டு பேரையும் எடுத்திருக்காங்க."

"மழையையும் காட்டையும் பாக்கவாடா கப்பல் ஏறணும்? நம்ம மேல்மலையில இல்லாத அட்டையா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவ சிரித்தாள். "அக்கா, அங்க அட்டையெல்லாம் பாம்பு கணக்கா இருக்குமாம்! உங்க மகன் சொல்லலையா?"

"சொல்லுவான், சொல்லுவான். நீ ஒட்டுக் கேக்காம சட்டியப் பாரு, அடிப்பிடிக்குது."

மகன் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னான். அந்தக் காட்டில் உயரமான மரத்துக்குக் கீழே வேறொரு மரம், அதற்குக் கீழே இன்னொன்று என்று அடுக்கடுக்காக நிற்குமாம். அடியில் வெயிலே விழாதாம். பெரட்டுக் களத்தில் பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கிற மாதிரியா என்றேன். அதே மாதிரிதான் அம்மா என்றான். அன்றைக்கு அவன் முகம் இருந்த இருப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கல்யாணம் பேசி முடித்த மாப்பிள்ளைக்குக்கூட அந்தக் களை வராது. நான் மாரியாத்தாளுக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டேன்.

கடல் தாண்டிப் போக பாஸ்போட் வேண்டும். பாஸ்போட் எடுக்கப் பிரஜாவுரிமை வேண்டும். அங்கேதான் எங்களுக்கு வினை வந்தது.

நாடு சுதந்திரம் ஆன பிறகு தோட்டத்துச் சனங்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமென்றால் மனுப் போடுங்கள், இத்தனை வருஷம் விடாமல் இங்கே இருந்ததாகக் காட்டினால் தருவோம் என்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் மனுப் போட்டார்கள். விசாரணைக்கு நுவரெலியாவுக்குச் சேர்ந்துதான் போனார்கள். தம்பி குடும்பத்துக்குக் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் இந்தியாவில் இருந்துவிட்டோமாம்.

இருந்தது உண்மை. ஏன் இருந்தோம் என்று சொல்கிறேன்.

கல்யாணமாகி வெகுகாலம் எனக்கும் சின்னவளுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் குலசாமி கருப்பசாமி திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். பிள்ளை பிறந்தால் முதல் முடியை உன் வாசலில் வந்து ஆடிப் பூசையில் இறக்குகிறோம் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டோம். எங்கள் குடும்பத்தில் குலசாமிக்கு மஞ்சத்துணியில் காசு முடிகிறது மூத்த மருமகள் வேலை. அதனால் இரண்டு காசையும் நான்தான் முடிந்தேன். சாமி ஏமாற்றவில்லை. இரண்டு வீட்டிலும் ஆம்பிளைப் பிள்ளை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். நாங்கள் கிளம்பினோம். சின்னவ கிளம்பவில்லை. "பிள்ளைக்குச் சளி, அக்கா. நான் இங்கன நம்ம மாரியம்மன் கோயில்லயே முடி இறக்கிக்கிறேன். என் காசையும் நீங்களே கொண்டு போய்ச் சேத்துடுங்க" என்றாள். சேர்த்தேன். என் காசையும் அவள் காசையும் ஒரே தட்டில் வைத்துக் கருப்பசாமி உண்டியலில் நானேதான் போட்டேன்.

ஆனால் நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. "ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை இறக்கிட்டுக் கிளம்புவோம், சாமி வேணாம்னா சொல்லப் போகுது?" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடிப் பூசை என்று வாயால் சொன்னது ஆடிப் பூசைதான். அடுத்த ஆடி வரைக்கும் அவர் சொந்தக்காரர் வீட்டில் களத்து வேலை செய்துகொண்டு இருந்தோம். முடி இறக்கிவிட்டுத் திரும்பினால் இலங்கைக்கு ஆள் அனுப்புகிற மண்டபம் கேம்பில் அந்தக் கடுதாசி எங்கே, இந்தக் கடுதாசி எங்கே என்று மறித்தார்கள். கப்பல் ஏறும்போது வருஷம் தாண்டிவிட்டது.

வாக்கைக் காப்பாற்றப் போனவள் நாடில்லாதவள் ஆனேன். வாக்கை என் தலையில் கட்டிவிட்டு இங்கேயே இருந்தவளுக்கு நாடு கிடைத்தது. இதை நினைக்காமல் அந்த நாட்களில் நான் ஒரு கவளம் சோறு தின்றதில்லை.

மகன் கொழும்புக்கு ஏறி இறங்கினான். ஒரு அரசாங்கக் கந்தோரில் இல்லை என்றார்கள். இன்னொரு கந்தோரில், இந்தியாவிடம் கேட்டு அந்த நாட்டு பாஸ்போட் எடுத்துக்கொள் என்றார்கள். அதை எடுத்தால் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள், இங்கே திரும்ப மனுப் போடவும் முடியாது. அவனே வேண்டாம் என்றுவிட்டு வந்தான். வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தகப்பனைப் பார்த்துக் கேட்டான்.

"ஏம்ப்பா, ஊருக்குப் போனா போனமா வந்தமான்னு இல்லாம, யாரு அவ்வளவு நாள் அங்க இருக்கச் சொன்னது?"

"கப்பல் கெடைக்கலடா" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னைச் சொல்லிக்காட்டினதில்லை. தொழிற்சாலையில் இலை வாட்டுகிற வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசுகிற மனிதர் இல்லை.

"கப்பல் இல்லடா, நான்தான். ஆடிப் பூசையிலதான் உனக்கு முடி இறக்கணும்னு நான்தான் இருக்க வச்சேன்" என்றேன்.

அவன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தேத்தண்ணி இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராவில் நடந்தது ஒவ்வொன்றும் எனக்குள் முள்ளாக இறங்கியது. கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதே போதும். பாஸ்போட் வந்த அன்றைக்கு லயமே அங்கே திரண்டது. அதிலிருக்கிற படத்தைப் பார்த்து, தொரை மாதிரி இருக்கான் என்று ஒருத்தி சொன்னாள். புதுப் பெட்டி வாங்கினார்கள். அதன் பூட்டை டக் டக் என்று பத்துப் பேர் திறந்து பார்த்தார்கள். மழைக்கோட்டு வந்தது. முறுக்கு சுட்டார்கள். அந்த எண்ணெய் வாசம் கூரை வழியாக வந்து என் சாமி படத்துக்கு முன்னால் நின்றது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை என்னைத் தாண்டி அவளிடம், "என்ன, மலாயாக்காரம்மா, இன்னைக்குக் கொழுந்து கொறைவா இருக்கு? கை இங்க, மனசு கப்பல்லயோ?" என்று கேலி பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெட்கப்பட்ட அழகைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? "பெரியம்மா, பெரியம்மா" என்று என் அடுப்படியில் வளர்ந்த பிள்ளை. அட்டைக்கு என்ன செய்வது என்று என்னிடம்தான் கேட்க வந்தான். காலில் சவுக்காரக் கட்டியைத் தேய், மடியில் உப்பு முடிந்து வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போதே, இது என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதல்லவா என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நெய்விளக்கு ஏற்றினேன். "ஆத்தா, அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு. இல்லாட்டி அவளுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடு" என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல வரவில்லை. விளக்கு அணைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பையன் புறப்படுவதற்கு முதல்நாள், வேலைவிட்டு வந்து முறுக்குச் சட்டியை அடுப்பில் போட்டுவிட்டு சின்னவ என் வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சத்துணி, ஒரு காசு. மூத்த மருமகள்தானே முடிய வேண்டும்.

"அக்கா, பிள்ள கடல் தாண்டிப் போறான். காட்டுல தங்கப் போறான். கருப்பசாமிக்கு ஒரு காசு முடிஞ்சு குடுங்க. நல்லபடியா வந்ததும் சேத்துடுவோம்."

என் மகன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான். நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து, திருநீறு பூசி, துணியை வாங்கினேன். குலசாமி காரியத்தில் என் வயிற்றெரிச்சலுக்கு இடம் இல்லை. பையனுடைய பெயரைச் சொல்லி, நோய் நொடி இல்லாமல், பூச்சி பொட்டு அண்டாமல் அவனைக் கொண்டுவந்து சேர் சாமி என்று வாய்விட்டே சொல்லி முடிந்தேன். கள்ளம் இல்லாமல்தான் சொன்னேன். கோயிலில் கேட்டதை இதைக் கொண்டு அழித்துவிட வேண்டும் என்று இன்னும் இறுக்கி முடிந்தேன்.

காசை நீட்டினபோது அவள் கை நீட்டவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா. எப்படியும் நீங்க அந்தப் பக்கம் போவீங்கல்ல? அப்பக் கொண்டு போய்ச் சேத்துடுங்க."

பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. கொட்டகலைக் கடைக்குப் போகிறவளிடம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்வது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் மனதில் நாங்கள் ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டோம்.

உள்ளே என் மகன் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

நான் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அந்த முடிச்சை வைத்து, விரல்களை மடக்கினேன்.

"ஒரு தடவை உன் காசையும் சேத்து நான் சுமந்தாச்சு. அதுக்கு என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். இந்தத் தடவை நீயே கொண்டு போ தங்கச்சி. பாஸ்போட் எடுக்க உனக்குத்தானே வழி இருக்கு."

"அக்கா, நான் அப்படி நெனச்சு..." என்றாள்.

"தெரியும். நெனச்சு சொல்லல. போ, முறுக்கு கருகுது."

மறுநாள் பையன் என் காலில் விழுந்தான். திருநீறு வைத்து அனுப்பினேன். ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது என் மகன்தான்.

கருப்பசாமி அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கையில் அட்டைக் கடித் தழும்பு இரண்டு, பெட்டி நிறைய காய்ந்த இலை. இரண்டு பேரும் எங்கள் காம்பராவில் பாயை விரித்து அந்த இலைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அது எங்கே நின்றது, எவ்வளவு உயரம், பக்கத்தில் என்ன இருந்தது என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பொறாமை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் சேர்த்து நான் பட்டுவிட்டேன்.

சின்னவ இந்தியாவுக்குப் போகவே இல்லை. முதலில் வேலை, பிறகு முழங்கால் வலி. அந்த மஞ்சத்துணி முடிச்சு அவர்கள் சாமி படத்தின் ஆணியில் தொங்கி, அடுப்புப் புகையில் கருத்துப் போய்க் கிடந்தது. அவள் வீட்டுக்குள் போகிற போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும். நாடு அவளுக்கு இருக்கலாம். சாமிக் கடன் என் வீட்டில் இல்லை.