முழங்காலுக்கு ஐந்தாவது பதில்

எங்கள் ஊரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும் எலும்பு மருத்துவமனையில், முழங்கால் வலியோடு வருகிறவர்களிடம் கேட்க ஓர் ஆங்கிலக் கேள்வித்தாள் இருக்கிறது. சிரமத்துக்கான மதிப்பெண் கூடினால் பெரிய டாக்டர் பார்ப்பார். குறைந்தால் தைலமும் உடற்பயிற்சித் தாளும்தான். அதை நம் ஊருக்கு ஏற்றபடி தமிழில் ஆக்கும் வேலை சென்ற மாதம் எனக்கு வந்தது.

குளியல் தொட்டியில் இறங்குவதை நீக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எழுவதைச் சேர்த்தேன். காலுறை மாட்டுவதற்குப் பதில் அரிவாள்மனை முன் உட்காருவது. எங்கள் தேவாலயப் பங்கு மக்களை நினைத்துக் கடைசியாகப் பூசையில் முழந்தாளிடுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம், நிறைய, தாங்க முடியவில்லை. குறையே இல்லை என்று நம்பினேன்.

முதலில் சோதித்துப் பார்க்கச் சூரமங்கலத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவரின் மனைவி. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். ஆனால் தரையில் உட்கார, படியேற, நான் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: “சிரமமெல்லாம் ஒண்ணுமில்லீங் கண்ணு.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் சொன்னார்: “ஓட்டப்பந்தயத்துக்குப் பேரு குடுத்துரலாமுங்க.”

எனக்குக் கவலையாகிவிட்டது. இந்தத் தாளை நம்பினால் அக்கா டாக்டரைப் பார்க்கவே முடியாது. கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

“முட்டி போடறதா? சிரமமில்லை. நான்தான் போடறதே இல்லியே.”

“கோயில்ல எல்லாரும் போடறப்போ?”

“பக்கத்துல யாரு புள்ளையாச்சும் வாங்கி மடியில வெச்சுக்குவேன். புள்ளைய வெச்சிருக்கறவள யாரு முட்டி போடச் சொல்லுவா?”

“அதான் ஞாயித்துக்கிழமையானா ஊரு புள்ளைங்க மேல அத்தன பாசமா!” என்றார் கணவர்.

தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை சிரமமா என்று கேட்கவில்லை. செய்கிறீர்களா என்று கேட்டேன்.

“தரையில உக்காருவீங்களாக்கா?”

“கட்டில்லதான் சாமி.”

“அரிவாள்மனை?”

“கத்தி வாங்கியாச்சு. நின்னுக்கிட்டே அரிஞ்சுக்கறேன்.”

“மாடிப்படி?”

“துணி காயப்போட இவருதான் போறாரு.”

செய்தித்தாள் கீழே இறங்கியது. “வெயிலு உடம்புக்கு நல்லதுன்னு சொல்லித்தானே, புள்ள, என்னைய அனுப்புனே?”

நான் ஒவ்வொரு கேள்வியின் கீழும் ஐந்தாவது பதிலை எழுதினேன்: ‘செய்வதையே விட்டுவிட்டேன்.’ அங்கிருந்தே டாக்டரைக் கைப்பேசியில் அழைத்தேன். சந்தோஷத்தில் வார்த்தைகள் ஒன்றையொன்று முந்தின. மெதுவாகச் சொல்லச் சொல்லி, பதில்களை எல்லாம் கேட்டார். “அதுக்குத்தாம்மா முழு மார்க். எல்லார்கிட்டயும் அப்படியே கேளுங்க. அந்தம்மாவ நாளைக்கே வரச் சொல்லுங்க.”

செய்தியைச் சொன்னேன். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே எழுந்துவிட்டார். மறுநாளைக்கு ஆட்டோ சொல்லிவைக்க வேண்டுமாம். வாசலில் நின்று திரும்பினார்.

“ஏ புள்ள, ஆட்டோவுல ஏர்றது? அதையும் உட்டுட்டியா?”

“ஏறுவேனுங்க. ஆனா உசுரு போயிரும்,” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “அதையும் எழுதிக்குங்க கண்ணு,” என்றார்.