எதற்கு இடக் கை
கற்பிட்டிக் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளைக்கு முன்னால் கம்புகள் மோதிய சத்தம் என்னை எங்கள் பழைய முற்றத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே வாப்பாவும் கூட்டாளிகளும் சிலம்படி பழகுவார்கள். மூன்றாம் அடிக்குப் பின் எல்லோரும் குனிந்து இடக் கையால் மணலைத் தொடுவார்கள். பழக்கிய அண்ணாவிக்கு மரியாதை என்பார் வாப்பா.

மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா ஒருநாள் தலைநிமிராமலே சொன்னார்: "மரியாதைண்டா சோத்துக் கையாலதானே தொடுவாங்க? இது மண்ணள்ளி எதிராளிட கண்ணுல எறியிறதுக்கு."

வாப்பா இன்னொரு தரம் செய்து பார்த்தார். "ஓம், பிறகுதானே முகத்துக்கு அடிக்கிற," என்றார் மெதுவாக. அன்றிலிருந்து எல்லோரும் மண்ணள்ளியதுபோல் இடக் கையைப் பொத்திக்கொண்டே எழுந்தார்கள்.

மண்டபத்தில் ஆடிய இளைஞன் மாபிள் தரையைத் தொட்டு எழுந்தான். என் உம்மாவை அவன் கண்டிருக்கவே மாட்டான். ஆனாலும் இடக் கையைப் பொத்தியிருந்தான்.