முகத்துக்கு இரண்டாவது கோட்டிங்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பெயின்ட் வேலைக்காரர்கள் மத்தியில் அவர் பெயர் 'ரெண்டு கோட்டிங்'. ஒன்று போதும் என்று வீட்டுக்காரரே கெஞ்சினாலும் இரண்டாவதையும் அடித்துவிட்டுத்தான் சாரத்தை விட்டு இறங்குவார். முதல் கோட்டிங் கண்ணுக்கு, இரண்டாவது மனசாட்சிக்கு என்பார். மனசாட்சிக்காரர்களுக்கு வழக்கமாக நேருவதுதான் அவருக்கும் நேர்ந்தது. வேலை நிறைய, பேச்சுத்துணை இல்லை.

மனைவி போய் மூன்று வருடம். வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர், மற்றதில் காலி பெயின்ட் டப்பாக்கள். வேலை இல்லாத நாட்களில் கைக்கு அகப்பட்ட மிச்ச பெயின்ட்டை எடுத்துத் தான் குடியிருக்கும் வீட்டுச் சுவருக்கே அடிப்பார். இப்படிப் பதினோரு கோட்டிங் ஏறிவிட்டது. "அடிச்சு அடிச்சு ரூமையே சின்னதாக்கிட்டீங்களே" என்று மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் கிண்டலடிப்பார். சில வாரங்களில் அவர் காதில் விழும் ஒரே மனிதக்குரல் அந்தக் கிண்டல்தான். அதனால் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

வேறு ஊரில் இருக்கும் மகள் ஒருநாள் போன் செய்தாள்.

"அப்பா, அடுத்த மாசக் கடைசியில வர்றேன். உங்களப் பாத்துட்டு ஒரு முடிவு எடுக்கணும்."

"என்ன முடிவு?"

"தனியா இருந்துக்குவீங்களா, இல்ல எங்ககூடவே கூட்டிட்டு வந்துடறதான்னு."

"பாக்கலாம் பாக்கலாம்" என்று பெரிய மனிதர் தோரணையில் சொல்லிப் போனை வைத்தார். வைத்த கையோடு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து இரண்டு சட்டைகளை மடித்து வைத்தார். போவதற்கு அவ்வளவு ஆசை. ஆனால் 'ஐயோ பாவம், கிழவனை எப்படி விட்டுவிட்டு வருவது' என்று கூட்டிக்கொண்டு போவதில் மட்டும் சம்மதமில்லை. மூட்டை முடிச்சோடு முடிச்சாகப் போகக் கூடாது, அப்பாவாகப் போக வேண்டும். கண்ணாடியைப் பார்த்தார். முப்பது வருட வெயில் முகத்தில் கோடு கோடாகக் குடியேறியிருந்தது. பராமரிப்பு இல்லாத வெளிச்சுவர் என்று தொழில்முறையில் முடிவு செய்தார்.

தெருமுனை மருந்துக்கடையில் இருந்த பெண்மணியிடம் மகள் வரும் விஷயத்தைச் சொல்லி முகத்தைக் காட்டினார். அவள் சின்ன ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"வைட்டமின் ஏ க்ரீம்ணா. பட்டாணி அளவு போதும். வாரத்துல ரெண்டே நாள், படுக்கப் போறதுக்கு முன்னாடி. பகல்ல வெயில்ல நிக்கக் கூடாது. மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்ல."

"எத்தனை நாள்ல தெரியும்?"

"மூணு மாசம் ஆகும்."

"ஒரு வீட்டையே நாலு நாள்ல முடிக்கிறவன்மா நான்."

"வீடு அசையாம நிக்கும்ணா. இது மூஞ்சி."

மகள் வர இருந்தது ஐந்தே வாரம். பட்டாணி அளவு என்பது அவருக்குக் கஞ்சத்தனமாகவே பட்டது. தினமும் ஒரு கோட்டிங். அது காய்ந்ததும் இன்னொன்று. ஐந்தாம் நாள் மூக்கோரத்தில் தோல் உரியத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் பயந்து நிறுத்தியிருப்பார்கள். அவருக்கோ ஒரே குதூகலம். பழைய பூச்சு உதிர்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? உதிர்வதைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசுபவன் பெயின்டரே இல்லை. சொரசொரத் துண்டால் அழுத்தித் தேய்த்தார். உப்புத்தாளை நோக்கிக் கை போனதும், தோலாயிற்றே என்று நின்றதும் அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மறுநாள் வழக்கம்போல உச்சி வெயிலில் நாலாவது மாடிச் சாரத்தில் நின்றார்.

இரண்டாவது வாரக் கடைசியில் முகம் ரெட் ஆக்சைடு பூசிய இரும்புக் கதவு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பட்டாலே எரிந்தது. அவரைப் பார்த்ததும் மருந்துக்கடைப் பெண்மணி கையிலிருந்த சீட்டைக் கீழே போட்டாள்.

"என்னண்ணா பண்ணித் தொலைச்சீங்க?"

"ரெண்டு கோட்டிங். நடுவுல சுரண்டினேன்."

"சுரண்டினீங்களா! ஓட்டை அடைக்கப் பட்டி பாக்கறதுதான் பாக்கி, அதையும் பாத்துட்டு வந்திருக்கலாமே?"

"யோசிச்சேன்" என்றார் அவர் உண்மையாகவே.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் ட்யூபைப் பிடுங்கிக் கல்லாவுக்குள் போட்டாள். வாஸ்லினைத் தவிர ஒன்றையும் தொடக் கூடாது, வெயிலில் தலை காட்டக் கூடாது என்றாள். மூன்று வாரம் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தார். மினுமினுக்கும் முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சுவரும் மினுமினுப்பாகவே இருந்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.

மகள் வந்தாள். எரிச்சல் போய், புதுத்தோல் வந்து, மூன்று வார ஓய்வில் கன்னமும் ஒரு சுற்று உப்பி, அவரே கண்ணாடியை இரண்டு தடவை பார்க்கும்படி இருந்த நாள் அது.

"அப்பா! என்ன இது, பத்து வயசு குறைஞ்சிருக்கு!"

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி தயாராக இருந்தது. அழைக்க வேண்டியது மட்டுமே பாக்கி.

மகள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். "நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டே வந்தேன்பா. ஹால்ல உங்களுக்குக் கட்டில் போட இடம்கூட அளந்து வெச்சுட்டேன்."

"எத்தனை அடி?"

"ஆறுக்கு மூணு. ஜன்னல் பக்கம். இப்பத்தான் நிம்மதி. நீங்க ராஜா மாதிரி இருக்கீங்க. உங்களப் போயி இடத்த விட்டுக் கிளப்பறது பாவம்."

'எனக்கு வரணும்னு இருக்கும்மா' என்று சொல்வதற்காக அவர் வாயைத் திறந்தார். "டீ போடட்டுமா?" என்று வந்தது. போட்டார். குடித்தாள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மகளை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் மருந்துக்கடைக்குள் நுழைந்தார்.

"பொண்ணு என்னண்ணா சொன்னா?"

"ராஜா மாதிரி இருக்கேன்னா."

"பாத்தீங்களா! கூட்டிட்டுப் போறாளா?"

அவர் அலமாரியில் இருந்த க்ரீம்களை வரிசையாகப் பார்த்தார். "இதுல வயசானவனா காட்டுற க்ரீம் ஏதாவது இருக்காம்மா?"

"அதுக்கு எதுக்குண்ணா க்ரீம்? சும்மா இருந்தாலே வந்துடும்" என்று சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "போன் பண்ணி வாய விட்டுக் கேளுங்கண்ணா. பெத்த பொண்ணுதானே?"

"கேக்கலாம் கேக்கலாம்" என்றார், அதே பெரிய மனிதர் தோரணையில்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தார். ஜன்னல் ஓரத்தில் தரையில் ஆறுக்கு மூன்று அளந்து, சாக்பீஸால் கோடு போட்டார். ரொம்ப நேரம் நின்று பார்த்தார். கை காலை மடக்காமல் தாராளமாகவே படுக்கலாம்.